திரையில் தொடங்கும் கணக்கு: பட்ஜெட்டுக்குள் ஓர் உயர்தர கேமிங் கணினி

கேமிங் கணினிக்கான திட்டம் மானிட்டரில் தொடங்க வேண்டும். பெரும்பாலானோர் கிராபிக்ஸ் கார்டில் தொடங்குகிறார்கள். கையிலிருக்கும் பணத்தில் பெரும்பங்கை அதில் போட்டுவிட்டு, மிஞ்சியதற்கு ஏதோ ஒரு மானிட்டரை வாங்குகிறார்கள். அந்தக் கார்டு வரைகிற படத்தைக் காட்டும் திறன் அந்தத் திரைக்கு இருப்பதில்லை. விளையாட்டு ஓடும்போது கணினிக்கு எவ்வளவு வேலை என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பவை இரண்டு: திரையில் எத்தனை படப்புள்ளிகள் இருக்கின்றன, நொடிக்கு எத்தனை முறை அவை புதிதாக வரையப்படுகின்றன.

ஃபுல் எச்டி எனப்படும் 1080பி திரையில் 1920 × 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி திரையில் 36.9 லட்சம். 4கே திரையில் 82.9 லட்சம், இது ஃபுல் எச்டியைப் போல் சரியாக நான்கு மடங்கு. வேகத்தைப் பொறுத்தவரை, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு படத்துக்குத் தரும் அவகாசம் 16.7 மில்லிநொடி, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் தருவது 6.9 மில்லிநொடி. இரண்டையும் பெருக்கினால் உண்மையான சுமை தெரியும். 1080பி, 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 12.4 கோடி புள்ளிகள். 4கே, 60 ஹெர்ட்ஸ் என்றால் 49.8 கோடி; 1440பி, 144 ஹெர்ட்ஸ் என்றால் 53 கோடி. 4கே திரை வேண்டாம் என்று 1440பிக்கு இறங்கி வந்தவர், 144 ஹெர்ட்ஸ் முழுவதையும் எட்ட நினைத்தால் ஏறத்தாழ அதே அளவு வேலையைத்தான் கணினியிடம் கேட்கிறார். இந்தக் கணக்கைப் போடாமல் கார்டு வாங்கக் கூடாது.

பட்ஜெட் வரம்புக்குள் உயர்தர அனுபவம் தேடுபவருக்கு இன்றைக்குப் பொருத்தமான இடம் 27 அங்குல 1440பி மானிட்டர். அந்த அளவில் ஓர் அங்குலத்துக்கு 109 புள்ளிகள் அமைகின்றன. எழுத்தும் படமும் கூர்மையாக இருக்கும். அதே 27 அங்குலத்தில் 1080பி வாங்கினால் அங்குலத்துக்கு 82 புள்ளிகள்தான். மேசையருகே உட்கார்ந்து பார்ப்பவர் கண்ணில் சொரசொரப்பு படும். 1080பிக்கு 24 அங்குலம்தான் எல்லை. 144 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை ஓடும் ஐபிஎஸ் திரைகள் இந்த 27 அங்குல வகையில் நிறையக் கிடைக்கின்றன. ஃபிரீசிங்க், ஜிசிங்க் போன்ற மாறும் புதுப்பிப்பு வசதி உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். கார்டு நொடிக்கு 144 படம் தர முடியாமல் 97 படம்தான் தந்தாலும், திரை தன் வேகத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளும்; படம் கிழிந்து தெரியாது. பட்ஜெட்காரருக்கு இந்த வசதி பெரிய உதவி. ஓலெட் திரைகளின் கருமையும் வேகமும் வேறு எதிலும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவற்றின் விலையில் கணினியின் பாதி வந்துவிடும். அசையாத படங்கள் நாள்முழுதும் நின்றால் தழும்பு விழும் அபாயமும் உண்டு.

என்ன விளையாடப் போகிறார் என்பதும் இதே கட்டத்தில் முடிவாக வேண்டும். வாலரண்ட், கவுண்டர் ஸ்டிரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளில் கிராபிக்ஸ் கார்டுக்கு வேலை குறைவு, பிராசசருக்கு அதிகம். நொடிக்கு 200, 300 படங்கள் என்று ஓட்டுவார்கள். சைபர்பங்க் 2077, ஆலன் வேக் 2 போன்றவை நேர் எதிர். அங்கே கார்டுதான் திணறும். இந்த இரண்டு வகை ஆட்டக்காரர்களும் ஒரே தொகையைச் செலவழித்தாலும் வாங்க வேண்டிய கணினி வேறு.

பணத்தைப் பிரிக்கும் முறை

உயர்தரம் என்றால் விலைப்பட்டியலின் உச்சியில் இருப்பது என்று கொண்டால் பட்ஜெட் என்ற பேச்சுக்கே இடமில்லை. தேர்ந்தெடுத்த திரையில், தேர்ந்தெடுத்த விளையாட்டுகளை, உயர்ந்த அமைப்புகளில், தடங்கல் இல்லாமல் நான்கைந்து ஆண்டுகள் ஓட்டுவதே உயர்தரம் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு ரூபாய்க்கும் இடம் தெரியும்.

தொகையை எழுதும்போதே அதற்குள் எவையெல்லாம் அடங்கும் என்பதையும் எழுதிவிட வேண்டும். ஒன்றரை லட்சம் என்று சொல்பவர் பலர் கணினிப் பெட்டியை மட்டும் மனதில் வைத்துச் சொல்கிறார்கள். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஹெட்செட், விண்டோஸ் உரிமம், யூபிஎஸ் என்று வரிசையாக வந்து சேரும்போது கணக்கு உதைக்கும். இவற்றைத் தனியே ஒதுக்கிய பிறகு பெட்டிக்கென்று நிற்கும் தொகையில் 40 முதல் 45 சதவீதம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகலாம். பிராசசர், மதர்போர்டு, ரேம் மூன்றும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு. எஸ்எஸ்டி, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ், கேபினெட், கூலர் ஆகியவை மீதியில் அடங்க வேண்டும். ஒன்றரை லட்சம் பெட்டிக்கு மட்டும் என்றால் கார்டுக்கு 60,000 முதல் 67,500 ரூபாய் வரை. 4கே ஆட்டக்காரர் கார்டின் பங்கைப் பாதிவரை உயர்த்தலாம். போட்டி விளையாட்டுக்காரர் அதைக் குறைத்துப் பிராசசருக்கு மாற்றலாம்.

வெளிநாட்டு விமர்சனங்களில் டாலரில் படிக்கும் விலையை அப்படியே ரூபாயாக்கிப் பார்ப்பது இந்தியாவில் பலருக்கு ஏமாற்றத்தைத் தரும் பழக்கம். அமெரிக்க அறிவிப்பு விலையில் வரி சேராது. 599 டாலர் கார்டை, டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டால் 52,712 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 62,200. இறக்குமதியாளரின் செலவும் லாபமும் இன்னும் சேரவில்லை.

கிராபிக்ஸ் கார்டு

விலையேறும் விகிதத்தில் வேகம் ஏறுவதில்லை என்பதை மிகத் தெளிவாகக் காட்டும் பாகம் இது. என்விடியா 2025 தொடக்கத்தில் கொண்டுவந்த வரிசையில் ஆர்டிஎக்ஸ் 5090 கார்டின் அறிவிப்பு விலை 1,999 டாலர், 5080க்கு 999, 5070 டிஐக்கு 749, 5070க்கு 549. ஏஎம்டி அதே ஆண்டு மார்ச்சில் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி கார்டை 599 டாலர் அறிவிப்பு விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 5090 வாங்குபவர் 5070 டிஐ வாங்குபவரைப் போல் 2.7 மடங்கு பணம் கொடுக்கிறார். 4கே திரையில்கூட அவருக்குக் கிடைப்பது இரு மடங்குக்கும் குறைவான படங்கள்தான். 1440பி திரையில் அந்த இடைவெளி இன்னும் சுருங்கும், ஏனென்றால் பல விளையாட்டுகளில் கார்டின் வேகத்துக்கு ஈடாகப் பிராசசரால் வேலை கொடுக்க முடியாது. பட்ஜெட்டுக்குள் திட்டமிடுபவருக்கு 5070 டிஐ, 9070 எக்ஸ்டி ஆகிய இரண்டும் நிற்கும் படிதான் மேல் எல்லை. அதற்கு மேலே செலவழிக்கும் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் கிடைப்பது குறைந்துகொண்டே போகிறது.

கார்டின் சொந்த நினைவகத்தை, அதாவது விராமை, கவனித்து வாங்க வேண்டும். விளையாட்டின் சுவர், தரை, முகம், உடை ஆகியவற்றின் மேற்பரப்புப் படங்கள் எல்லாம் இதில்தான் தங்கும். இடம் போதாவிட்டால் அவை கணினியின் பொது ரேமுக்குத் தள்ளப்படும். அங்கிருந்து ஒவ்வொரு முறையும் எடுத்துவர நேரம் பிடிக்கும். நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கையான எஃப்பிஎஸ் சராசரியில் நன்றாகவே தெரியும்; ஆனால் ஒரு மூலையில் திரும்பும்போது திரை அரை நொடி உறையும். சில விளையாட்டுகள் உறையாமல் இருப்பதற்காகச் சத்தமில்லாமல் படத்தின் தரத்தைக் குறைத்துவிடும். முகம் களிமண்ணைப் போலத் தெரியும். புதிய பெரிய விளையாட்டுகளை உயர்ந்த அமைப்பில் ஓட்ட 8 ஜிபி இப்போதே இழுபறி. 1440பிக்கு 12 ஜிபி குறைந்தபட்சம், 16 ஜிபி நிம்மதி. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஆகிய இரண்டு கார்டுகளும் ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வடிவங்களில் விற்கப்படுகின்றன. அறிவிப்பின்போது இரண்டு வடிவங்களுக்கும் இடையே இருந்த விலை வித்தியாசம் 50 டாலர்தான். மொத்தச் செலவில் அது சிறு தொகை. கார்டின் ஆயுளை அது ஆண்டுக்கணக்கில் நீட்டும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

அடுத்தது அப்ஸ்கேலிங். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர், இன்டெலின் எக்ஸ்ஈஎஸ்எஸ் மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன: விளையாட்டைக் குறைந்த புள்ளிகளில் வரைந்து, பிறகு பெரிதாக்கிக் காட்டுகின்றன. 4கே திரையில் டிஎல்எஸ்எஸ் 'குவாலிட்டி' முறை உள்ளே 1440பியில்தான் வரைகிறது. 'பெர்ஃபார்மன்ஸ்' முறை 1080பியில். 2025இல் வந்த டிஎல்எஸ்எஸ் 4, எஃப்எஸ்ஆர் 4 ஆகியவற்றின் தரம் முந்தையவற்றைவிடக் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. இந்த வசதியால்தான் நடுத்தரக் கார்டு உயர்தரத் திரைக்கு ஈடுகொடுக்கிறது. திட்டமிடும்போது இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் 'ஃபிரேம் ஜெனரேஷன்' எனப்படும் இடைப்படங்களைச் செருகும் வசதியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது திரையில் எண்ணிக்கையைக் கூட்டுமே தவிர, மவுஸை அசைத்தால் பாத்திரம் திரும்பும் நேரத்தைக் குறைக்காது. அடிப்படையில் 60 எஃப்பிஎஸ் இருந்தால்தான் அதனால் பயன். விளம்பர வரைபடங்களில் இந்த இடைப்படங்களையும் சேர்த்தே எண்ணிக் காட்டுகிறார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வெளிச்சத்தையும் நிழலையும் வரையும் ரே டிரேசிங்கை இனி ஆடம்பரம் என்று தள்ள முடியாது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டு அந்த வசதி இல்லாத கார்டுகளில் ஓடவே ஓடாது. பழைய கார்டை மலிவாக வாங்க நினைப்பவர் இதைப் பார்க்க வேண்டும். பழைய கார்டுகள் சந்தையில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் கிரிப்டோ கரன்சி தன் செயல்முறையை மாற்றிக்கொண்டதும், அதுவரை இரவுபகலாகச் சுரங்க வேலைக்கு ஓடிய ஏராளமான கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. அவற்றில் பல இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. கார்டு ஓடுவதை நேரில் அரைமணி நேரமாவது பார்த்து, பில்லோடு வாரண்டி மிச்சமிருந்தால் மட்டுமே அவற்றை வாங்குவது நல்லது.

பிராசசரும் அதன் சாக்கெட்டும்

விளையாட்டு உலகின் கணக்குகளைப் போடுவது பிராசசர்: எதிரி எங்கே நகர்கிறான், குண்டு எதில் பட்டது, அடுத்து எதை வரைய வேண்டும். இந்த வேலை நிறைய கோர்களுக்குச் சமமாகப் பிரியாது. அதனால்தான் 16 கோர்கள் கொண்ட ரைசன் 9 7950எக்ஸ், பெரும்பாலான விளையாட்டுகளில் 8 கோர்கள் மட்டுமே உள்ள ரைசன் 7 7800எக்ஸ்3டி-யிடம் தோற்கிறது. 2023 ஏப்ரலில் வந்த அந்த 7800எக்ஸ்3டி-யின் பலம் அதன் 96 எம்பி எல்3 கேஷ். சில்லின்மேல் இன்னொரு நினைவகச் சில்லை அடுக்கி ஒட்டி அந்த அளவை எட்டினார்கள். அடிக்கடி தேவைப்படும் தரவு பிராசசருக்குள்ளேயே கிடைப்பதால் ரேம் வரை போய்க் காத்திருக்கும் நேரம் மிச்சம். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யில் அந்த நினைவகச் சில்லைக் கீழே வைத்துவிட்டார்கள். கோர்கள் கூலருக்கு அருகில் வந்ததால் வெப்பம் எளிதாக வெளியேறுகிறது.

ஆனால் எல்லோருக்கும் இது வேண்டுமா என்றால், வேண்டாம். 4கே திரையில் கார்டுதான் முழு நேரமும் மூச்சுவாங்கும். அங்கே 9800எக்ஸ்3டி-க்கும், 229 டாலருக்கு வந்த 6 கோர் ரைசன் 5 7600-க்கும் பல விளையாட்டுகளில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 1440பியில் பெரிய கதை விளையாட்டுகளை 80, 100 எஃப்பிஎஸ்ஸில் ஆடுபவருக்கும் 7600 போதும். மிஞ்சும் பணம் கார்டுக்குப் போகட்டும். இந்த யோசனைக்குப் பலம் சேர்ப்பது ஏஎம்5 சாக்கெட், அதாவது மதர்போர்டில் பிராசசர் அமரும் இடம். 2022 செப்டம்பரில் வந்த இந்த சாக்கெட்டை 2027க்கு மேலும் ஆதரிப்பதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்றைக்கு 7600 போட்டவர், இரண்டு மூன்று ஆண்டு கழித்து மதர்போர்டையும் ரேமையும் மாற்றாமல் ஓர் எக்ஸ்3டி பிராசசரைப் பொருத்திக்கொள்ளலாம். முந்தைய ஏஎம்4 சாக்கெட்டில் இது நடந்து நிரூபணமானது: 2017இல் முதல் தலைமுறை ரைசனோடு வாங்கிய பலகைகள் பலவற்றில், பலகையின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்த பிறகு, 2022இல் வந்த 5800எக்ஸ்3டி ஓடியது.

இன்டெல் பக்கம் இப்படி நீண்ட பாதை இல்லை. 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கான எல்ஜிஏ 1700 சாக்கெட்டின் காலம் முடிந்து, 2024 அக்டோபரில் எல்ஜிஏ 1851 வந்தது. தவிர, 13, 14ஆம் தலைமுறை உயர்வகைப் பிராசசர்கள் சிலவற்றில் அதிக மின்னழுத்தத்தால் நிலைகுலைவு ஏற்பட்டது. 2024இல் இன்டெல் திருத்தம் வெளியிட்டு, வாரண்டியை இரண்டாண்டு நீட்டித்தது. அந்தத் தலைமுறைப் பிராசசர்களைப் பழைய சந்தையில் வாங்குவதைத் தவிர்ப்பதே மேல்.

மதர்போர்டில் பணத்தைக் கொட்டுவது வீண். எக்ஸ்870ஈ போன்ற உயர்வகைப் பலகைக்கும் பி650, பி850 வகைப் பலகைக்கும் விளையாட்டு வேகத்தில் வேறுபாடு இல்லை. பிராசசருக்கு மின்சாரம் தரும் பகுதியில் வெப்பத்தகடு, எஸ்எஸ்டிக்கான இரண்டு எம்.2 இடங்கள், வைஃபை, பிராசசர் இல்லாமலே பென்டிரைவ் மூலம் பயாஸைப் புதுப்பிக்கும் வசதி ஆகிய நான்கும் இருந்தால் போதும். கடைசி வசதி முக்கியம். பழைய இருப்பிலிருந்து வரும் பி650 பலகை, புதிய 9000 வரிசைப் பிராசசரை அடையாளம் காணாமல் போகலாம்.

ரேமும் எஸ்எஸ்டியும்

ஏஎம்5க்கு டிடிஆர்5 ரேம் மட்டுமே பொருந்தும். 16 ஜிபி குச்சிகள் இரண்டு, மொத்தம் 32 ஜிபி, 6000 வேகம், சிஎல்30 தாமதம்: ரைசனுக்கு இதுவே பொருத்தமான அளவு. ஒரே 32 ஜிபி குச்சி வாங்கினால் தரவுப் பாதை பாதியாகும்; நான்கு குச்சிகள் போட்டால் வேகம் இறங்கும். திட்டத்தில் ரேமுக்கு முன்பெல்லாம் சிறிய பங்கே போதுமானதாக இருந்தது. 2025 இறுதியில் நிலைமை தலைகீழானது. செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக அள்ளியதால் டிடிஆர்5 விலை சில மாதங்களில் எகிறியது. மைக்ரான் நிறுவனம் பொதுமக்களுக்கு விற்றுவந்த குரூஷியல் வணிகத்திலிருந்து விலகுவதாகவே அறிவித்தது. விலை உச்சத்தில் இருக்கும்போது 16 ஜிபியோடு தொடங்குவது தவறாகாது. அப்போதும் 8 ஜிபி குச்சிகள் இரண்டு வாங்க வேண்டும். பின்னால் இரண்டையும் விற்றுவிட்டு மாற்றிக்கொள்ளலாம்.

எஸ்எஸ்டியைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. நொடிக்கு 7,000 எம்பி வேகம் தரும் பிசிஐஈ 4.0 வகை போதும். அதைவிட இரு மடங்கு வேகமான 5.0 வகையால் விளையாட்டு ஏறும் நேரம் ஓரிரு நொடிகூடக் குறைவதில்லை. அளவுதான் முக்கியம். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, பால்டர்ஸ் கேட் 3 ஆகியவை ஒவ்வொன்றும் 150 ஜிபி இடம் கேட்கின்றன. 1 டிபியில் தொடங்கி, இரண்டாவது எம்.2 இடத்தைப் பின்னாளுக்கு விட்டுவைக்கலாம்.

எஸ்எம்பிஎஸ்: மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

பட்ஜெட் இடிக்கும்போது பலர் கைவைப்பது எஸ்எம்பிஎஸ்ஸில்தான். கேபினெட்டோடு சேர்ந்தே வரும் '500 வாட்' பெட்டிகள் உண்மையில் அந்த அளவைத் தருவதில்லை. அத்தகைய எஸ்எம்பிஎஸ் பழுதாகும்போது தனியே போவதில்லை. மதர்போர்டையும் கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

தேவையான அளவைக் கணக்கிடுவது எளிது. 9070 எக்ஸ்டி கார்டு 304 வாட், 5070 டிஐ 300 வாட். பிராசசருக்கு 100, மற்றவற்றுக்கு 50 என்று வைத்தால் மொத்தம் 450ஐ ஒட்டி வரும். ஆனால் இன்றைய கார்டுகள் மில்லிநொடிக் கணக்கில் தம் அளவைத் தாண்டி மின்சாரத்தை உறிஞ்சும். அந்தத் துள்ளலைத் தாங்காத எஸ்எம்பிஎஸ், விளையாட்டின் நடுவில் கணினியை அணைத்துவிடும். ஆகவே 750 வாட், ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 தரம் என்று வாங்க வேண்டும். கணநேரத் துள்ளல்களைத் தாங்குவதற்கான விதிகள் அந்தத் தரத்திலேயே அடங்கியிருக்கின்றன. '80 பிளஸ் கோல்டு' முத்திரை என்பது பாதிச் சுமையில் 90 சதவீத மின்சாரம் வீணாகாமல் போய்ச் சேருவதைக் குறிக்கிறது. அது சிக்கனத்துக்கான முத்திரை; பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்துக்கு அது சான்றாகாது. அதற்கு வாரண்டியின் நீளத்தைப் பார்க்கலாம். ஏழு, பத்து ஆண்டு வாரண்டி தரும் வகைகளைத் தயாரித்தவர்களுக்கே அவற்றின்மேல் நம்பிக்கை இருக்கிறது. அடுத்த கணினிக்கும் அதே எஸ்எம்பிஎஸ் வரும் என்று பார்த்தால் இது செலவே ஆகாது.

2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளின் புதிய வகை மின் இணைப்பான் உருகிய நிகழ்வுகளுக்கு முழுமையாகச் செருகாததும் ஒரு முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. அந்த இணைப்பான் உள்ள கார்டை வாங்கினால், இடைவெளி தெரியாதபடி முழுவதும் உள்ளே போய்விட்டதா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும். ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை வேறு நிறுவன எஸ்எம்பிஎஸ்ஸில் செருகவே கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கும். எஸ்எஸ்டியோ மதர்போர்டோ எரிந்துவிடும்.

யூபிஎஸ் பற்றியும் ஒரு சொல். வீடுகளில் வழக்கமாக இருக்கும் 600 விஏ யூபிஎஸ் 360 வாட் அளவில்தான் தாங்கும். விளையாடும்போது கரண்ட் போனால் அதுவும் சேர்ந்தே அணையும். 1000 விஏக்கு மேல், சைன் வேவ் தருவதாக இருந்தால் நல்லது. வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதிப்பது அதைவிட மலிவு, அதைவிட அவசியம்.

வெப்பம்

வெளிநாட்டு விமர்சகர்கள் கூலர்களைச் சோதிப்பது பெரும்பாலும் 21, 22 டிகிரி அறையில். சென்னையிலோ வேலூரிலோ மே மாத மதியத்தில் ஏசி இல்லாத அறை 35 டிகிரியைத் தாண்டும். அறை எத்தனை டிகிரி கூடுகிறதோ ஏறத்தாழ அத்தனை டிகிரி பாகங்களின் வெப்பமும் கூடும். அங்கே 70 என்று காட்டியது இங்கே 84 என்று நிற்கும். அதற்காக விலையுயர்ந்த வாட்டர் கூலிங் வாங்கத் தேவையில்லை. தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 போன்ற இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலர், அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு விலையுள்ளவற்றோடு போட்டிபோடும். மோட்டார் பழுது, நீர்க்கசிவு என்ற கவலையும் இல்லை.

காசு போக வேண்டிய இடம் கேபினெட்டின் முகப்பு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட பெட்டிகள் கடையில் அழகாகத் தெரியும். காற்று உள்ளே போக வழியிருக்காது. முன்பக்கம் வலையாக இருந்து, இரண்டு மூன்று ஃபேன்கள் காற்றை இழுத்து, பின்பக்கம் ஒன்று வெளியே தள்ளினால் போதும். கழற்றிக் கழுவும் தூசி வடிகட்டி நம் ஊருக்குக் கட்டாயம்.

உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் வெளியேறும். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பம் 3,500 வாட். 500 வாட் கணினி அதில் ஏழில் ஒரு பங்கைத் தின்றுவிடும். நாளைக்கு நான்கு மணி நேரம் விளையாடினால் 2 யூனிட். தமிழ்நாட்டில் கணக்கெடுக்கும் இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் முதல் 100 யூனிட்டை இந்தப் பெட்டி ஒன்றே தாண்டிவிடும்.

வாங்குவதும் பொருத்துவதும்

பட்டியல் முடிந்ததும் அளவுகளைச் சரிபார்க்க வேண்டும். கார்டின் நீளம் 300 மில்லிமீட்டரைத் தாண்டுவது இப்போது சாதாரணம். கேபினெட் எவ்வளவு நீளம் ஏற்கும், கூலரின் உயரம் பக்கக் கதவில் இடிக்குமா, கூலரின் ஃபேன் ரேம்மேல் முட்டுமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

மாதம் ஒரு பாகமாகச் சேர்ப்பது பட்ஜெட்காரர்களுக்குப் பிடித்த வழி. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. எல்லாப் பாகமும் வந்தால்தான் எதையும் ஓட்டிப் பார்க்க முடியும். அதற்குள் முதலில் வாங்கியவற்றை மாற்றித் தரும் கெடு முடிந்திருக்கும், வாரண்டியும் ஓடிக்கொண்டிருக்கும். பணத்தைச் சேர்த்துவைத்து இரண்டு வாரத்துக்குள் எல்லாவற்றையும் வாங்குவதே பாதுகாப்பு. தீபாவளிக்கு முந்தைய தள்ளுபடி நாட்கள் அதற்கு ஏற்ற காலம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு கடை ஏறி இறங்கினால் இணைய விலைக்கு அருகிலேயே கிடைக்கும். பழுது வந்தால் போய் நிற்க ஓர் ஆள் இருப்பார் என்பது கூடுதல் லாபம். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளக் கூடாது. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். வாரண்டி தருவது இந்திய விநியோகஸ்தரா என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

பொருத்தும்போது, ஏஎம்5 மதர்போர்டில் மெல்லிய ஊசிகள் பலகையில் இருக்கும். பிராசசரை அழுத்தாமல், முக்கோணக் குறியைப் பொருத்தி வைத்தால் தானாக அமரும். ரேம் குச்சிகள் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் போக வேண்டும். முதல் முறை ஆன் செய்ததும் ஃபேன்கள் சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். பலர் அந்த இடத்தில் பயந்து கரண்டைப் பிடுங்குகிறார்கள். டிடிஆர்5 ரேமைப் பலகை பழகிக்கொள்ளும் நேரம் அது. சில நிமிடம் விட்டால் பயாஸ் திரை வரும். அங்கே செய்ய வேண்டியது ஒன்று: ரேமுக்கான எக்ஸ்போ அமைப்பை ஆன் செய்வது. இல்லாவிட்டால் 6000 வேகத்துக்குக் காசு கொடுத்த ரேம் 4800இலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருக வேண்டும். மதர்போர்டில் செருகினால் பிராசசருக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸ்தான் வேலை செய்யும். விண்டோஸ் அமைப்பில் திரையின் வேகம் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸிலேயே நிற்கும். அதை 144க்கோ 180க்கோ கையால் மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் விளையாடியவர்கள் உண்டு. முதல் ஒரு வாரம் கணினியைக் கடுமையான விளையாட்டுகளில் நீண்ட நேரம் ஓட்டிப் பார்ப்பது நல்லது. குறையுள்ள பாகம் பெரும்பாலும் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். மாற்றித் தரும் கெடுவும் அப்போது உயிரோடு இருக்கும். கார்டின் பெட்டி, எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டி, எல்லாப் பில்களின் நகல் ஆகியவற்றை வாரண்டி முடியும் வரை எறிந்துவிட வேண்டாம்.